கதவில்லாத ஜீப்

"என்ன இருந்தாலும் புது வண்டி புது வண்டிதான்பா" என்றபடி பின் சீட்டில் சாய்ந்துகொண்டார் குணாளன். தன் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வேலூரிலிருந்து காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தார். வீட்டார் முன்னாலேயே வேறு வண்டியில் கிளம்பிவிட்டார்கள்.

"ஆமா சார். முன்ன நான் ஓட்டுனது பழைய பெரிய ஜீப்பு. இரும்பு நல்ல கெட்டி. சீட்டுதான் பலகை மாதிரி இருக்கும்" என்றான் டிரைவர் வீரபத்திரன்.

"தூக்கித் தூக்கிப் போடுமே! இதுல வெளிச் சத்தமே கேக்கல."

"உள்ள கத்துனாலும் வெளிய கேக்காது சார்."

குணாளன் சிரித்தார்.

"பழசுல பின்னால கதவே கிடையாது, வெறும் படுதாதான். அதுல ஒரு மாப்பிள்ளைய கல்யாணத்துக்கு இட்டுக்கினு வந்தேன். தாமல் ஏரிகிட்ட மெதுவா போனப்போ பின்னாலயே குதிச்சு ஓடிட்டாரு. மண்டபத்துல காலி ஜீப்பத்தான் கொண்டுபோய் நிறுத்துனேன். பொண்ணோட அண்ணனுங்க என்னைப் போட்டு அடிச்சாங்க. அப்புறம் கல்யாண சவாரிக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடல."

குணாளன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த மாப்பிள்ளை என் மூஞ்சியக்கூட பாக்கல சார். நான்தான் கண்ணாடியில அவரப் பாத்துக்கினே வந்தேன்."

தாமல் ஏரி தெரிந்தது. குணாளன் அவசரமாகக் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

"புதுசுல அது ஒரு வசதி சார். பின் கதவு உள்ளேருந்து திறக்காது."

"எங்கப்பா... எங்க போற?"

"அதே செவிலிமேடு மண்டபத்துக்கு. அண்ணனுங்க வாசல்ல நிக்கிறாங்க. நீங்க டீ குடிச்சப்போ போன் பண்ணிட்டேன். இந்த வாட்டி வண்டி காலியா வராதுன்னு சொல்லியிருக்கேன்."