சூலம் பிடித்த காசு

“இது போலிம்மா.”

லென்ஸைக் கீழே வைத்தார் தேவப்பிரியம். ராயபுரம் மார்க்கெட் பக்கம் பழைய நாணயங்கள் வாங்கி விற்கிற கடை அவருடையது. எதிரே நின்ற தாயம்மாவின் முகம் செத்துப் போயிற்று.

“இன்னா அண்ணாச்சி, இப்டி சொல்லிட்டே? என் வூட்டுக்காரு ஆர்பர்ல சேறு வாரச்சொல்ல கெட்ச்சது. சூலம் புட்ச்சிகினு குந்திகினு கீது பாரு. அம்மன்னு சாமி மாடத்துல வெச்சி கும்புட்டுகினு இருந்தோம்.”

பக்கத்து ஸ்டூலில் இருந்த ஜாபர் எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாகக் காசு சேர்க்கிறவர். சூலம் பிடித்தவள் அம்மன் இல்லை, பிரிட்டானியா; இங்கிலாந்துக்காரர்களின் நாட்டுத் தாய். 1936ஆம் வருஷத்து இங்கிலாந்து பென்னி. புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்திருந்தார்கள். ஆனாலும் அசல். அண்ணாச்சிக்கா இது தெரியாது?

“போன்ல ஒர்த்தரு மூணு லட்சம் தரேன்னாரு. மொதல்ல எட்டாயிரம் பதிவுப் பணம் கட்டணுமாம். கம்மலை அடகு வெக்கலாம்னு கயட்டிகினு கெளம்பிட்டேன். போற வழில உன்னாண்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன். பொண்ணு காலேஜுக்குக் கட்டணும் அண்ணாச்சி, நல்லா பாரு.”

“எத்தனை தடவை பார்த்தாலும் போலிதான்.”

ஜாபருக்குச் சுர்ரென்றது. இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். போலி என்று சொல்லி மனசை உடைப்பது, நாளைக்குப் பத்து ரூபாய்க்கு அமுக்குவது. இந்த ஆளோடா சனிக்கிழமை தவறாமல் டீ குடித்தோம் என்று அவருக்கு அவமானமாக இருந்தது. வாயைத் திறக்கப் போனவரின் தொடையை தேவப்பிரியம் அழுத்திப் பிடித்தார்.

தாயம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடை வாசலிலேயே நின்று இரண்டு கம்மலையும் காதில் மாட்டிக்கொண்டாள். காசைச் சுருக்குப்பையில் போட்டாள்.

“காசப் பத்தி தெரியாதவன்லாம் கட வெச்சிகினு கீறான்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நடந்தாள்.

“அசலைப் போய் போலின்னு சொல்றீங்களே அண்ணாச்சி, நல்லா இருக்கா?” ஜாபர் தொடையில் இருந்த கையைத் தட்டிவிட்டார்.

“அசல்தான். என்ன விலை பெறும்? நீங்களே சொல்லுங்க, பாய்.”

“அது... தேய்ச்ச காசு. நூறு ரூபா பெறும்.”

“முன்னாடி இதே மாதிரி போன் வந்த நாலு பேருகிட்ட நானும் அப்படித்தான் சொன்னேன். அசல்தான், ஆனா நூறுதான் பெறும்னு. அசல்னு சொன்னதை மட்டும் பிடிச்சுக்கிட்டாவ. நூறுன்னதுக்கு என்னைத் திருடன்னுட்டு, நேரா போய் போன்காரனுக்குப் பணத்தைக் கட்டிட்டாவ. நாலு பேருக்கும் ஒத்தப் பைசா திரும்பலை.”

பக்கத்துக் கடை வாசலில் தாயம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தது நன்றாகவே கேட்டது.

“ஏசிட்டுப் போகட்டும் பாய்” என்றார் தேவப்பிரியம். “கம்மல் காதுல ஏறிட்டுல்லா.”