காலை எடுக்காதவர்

என் கணவர் தீர்த்தகிரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வேலூரில் மகளுக்குப் பிரசவ வலி. அவருடைய ஆட்டோமேட்டிக் கார் ஜமுனாமரத்தூர் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை.

மெக்கானிக் வெற்றிச்செல்வன் இன்ஜினை ஓடவிட்டு, கியரை ‘டி’யில் போட்டுவிட்டு, வெளியே நின்று ஸ்கேனரைப் பார்த்தான். யாரோ பிரேக்கை மிதித்திருப்பதாக அது காட்டியது.

“யக்கா, பிரேக்குல இருந்து கால எடுங்க.”

“உன் பக்கத்துலதானே நிக்கிறேன்?”

பிரேக் விளக்கின் சுவிட்சை மாற்றினான். பிறகு அதன் ஒயரையே கழற்றினான். காரின் பின்னால் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

“இன்னாக்கா இது?”

மலையிறக்கத்தில் ஓட்டிப் பழகிய என் கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். மகள் மறுபடி போனில் அழைத்தாள். நான் ஓட்டுநர் பக்க ஜன்னலில் குனிந்தேன்.

“பொண்ணுக்கு வலி எடுத்திடுச்சுங்க. கால எடுங்க.”

விளக்குகள் அணைந்தன. ஆளில்லாத கார், என்னை ஏற்றாமலே, வேலூர்ச் சாலையில் மெல்ல இறங்கத் தொடங்கியது.