ஓட்டிஸ் க்ரீலின் அம்மா

"ஓட்டிஸ்! இடது பக்கம் பாரு!"

மைதான ஓரத்துக் கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல்.

ஹார்லன் வெய்ஸ் பந்தோடு ஓடிக்கொண்டே இருந்தான். ஓட்டிஸ் என்பது தன்னைத்தான் என்று உறைக்க அவனுக்கு ஒரு விநாடி ஆயிற்று. அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லையே.

உறைத்ததும் இடது பக்கம் பார்த்தான்.

எருமை மாதிரி ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வந்தான். ஹார்லன் ஒதுங்கினான். எருமை சேற்றில் முகம் குப்புற விழுந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி ஹார்லன் எல்லைக்கோட்டைத் தாண்டினான்.

ஆறு புள்ளிகள்.

தொழிற்சாலைத் தொப்பிகள் எல்லாம் வானத்தில் பறந்தன. கண்ணாடி ஆலை அணி அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் சேர்ந்த முதல் வருஷம். அதிலும் கடைசிக்கு முந்தின ஆட்டம். கேட்கவா வேண்டும்?

"யார்றா அது, உங்கம்மாவா?" ஸ்டாங்கோ அவன் முதுகில் ஓங்கி அறைந்தான். ஆலையில் உலைக்குக் கரி தள்ளுகிற கை. "நம்ம கேப்டனை உக்கார வச்சிட்டு அவங்களை இறக்கலாம் போலிருக்கே!"

ஹார்லன் சிரித்து வைத்தான்.

அவன் அம்மா இருநூறு மைல் தள்ளி இருந்தாள். மகன் நூலகத்தில் கண் எரியப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று இந்த நேரம் யாரிடமாவது பெருமையடித்துக்கொண்டிருப்பாள்.

காலேஜ் பையன்கள் லீக்கில் ஆடக் கூடாது. ஆனால் ஆடினார்கள். ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்கி, யாரோ ஒருவன் பெயரில் அடி வாங்கிவிட்டு, மாலை ரயிலில் திரும்பினார்கள். மேனேஜர் டோலிவர் பட்டியலில் யோசிக்காமல் கிறுக்கிய பெயர், ஓட்டிஸ் க்ரீல்.

மாட்டினால் காலேஜை விட்டு வெளியே. ஹார்லன் டாக்டராக இன்னும் ஏழே மாதம் இருந்தது.

விசில் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது.

சேறு அப்பிய முகத்தோடு தோல் தொப்பியைக் கழற்றி நிமிர்ந்தபோது, எதிரே சாம்பல் நிற ஓவர்கோட்டில் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் நோட்டுப் புத்தகம். இன்னொரு கையில் ஒரு போட்டோ.

ஹார்லன் உற்றுப் பார்த்தான். அது அவனுடைய போட்டோ.

"ஹார்லன் வெய்ஸ்னு எங்க காலேஜ் பையன் ஒருத்தன். இங்க ஆடறான்னு தகவல் வந்துது." அவர் நிதானமாகக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "கொஞ்சம் மூஞ்சியைத் துடைங்க தம்பி. பாத்துட்டுப் போயிடறேன்."

டோலிவர் மாயமாகியிருந்தார். ஸ்டாங்கோ தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லன் கைக்குட்டையை வாங்கினான். அது நெற்றி வரை போய்விட்டது.

"என் பிள்ளை மூஞ்சியை நான் துடைச்சுக்கறேன். நீங்க யாரு?"

அதே குரல்.

கூட்டம் வழிவிட்டது. விட்டவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்புச் சால்வை. விரல்களில் மாவு. அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள் போலிருந்தாள்.

ஓவர்கோட்டுக்காரர் தொப்பியைத் தொட்டார். "இவர் உங்க மகனா அம்மா?"

அவள் ஹார்லனைப் பார்த்தாள்.

"நீயே சொல்லேன் கண்ணு."

ஏழு மாதம். ஏழே ஏழு மாதம்.

"நான் ஓட்டிஸ் க்ரீல்" என்றான். "இவங்க எங்கம்மா."

"ஹார்லன் வெய்ஸ்?"

"அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியாது சார்."

அவர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

போன உயிர் ஹார்லனுக்குத் திரும்பி வந்தது. டோலிவர் ஏற்பாடாகத்தான் இருக்கும். கில்லாடி மனுஷன்!

"ரொம்ப நன்றிம்மா" என்று கிசுகிசுத்தான். "தக்க சமயத்தில வந்தீங்க."

"சாப்பாடு ஆறுது, வா."

அவன் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது அந்தக் கை. ஓவர்கோட்டுக்காரர் மைதான வாசலருகே நின்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால், கையை உதறவும் முடியவில்லை. அவள் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு, பின்வாசல் வழியாக நழுவி, ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

மைதானத்தை ஒட்டியே வீடு. உள்ளே பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் வேகிற வாசனை.

நீள மேஜை. சுற்றிலும் மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று பேரும் கண்ணாடி ஆலை அணியின் சட்டையில் இருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் சேறு. ஹார்லன் முகத்துச் சேறு இன்னும் ஈரம். அவர்களுடையது காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி வெடித்திருந்தது.

"ஓட்டிஸ், தட்டு எடுத்து வைப்பா" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

மூன்று பேரும் எழுந்தார்கள்.

ஹார்லன் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது. என்ன பெயர் அது?

பக்கத்தில் நின்றவன் பெஞ்சில் அவனுக்கு இடம் ஒதுக்கினான். கண்ணில் ஒரு துளி இரக்கம்.

"நீயும் காலேஜா?" என்று மெல்லக் கேட்டான். "எந்த ஞாயிறு ஆடினே? நான் அக்டோபர் பத்து."