பொதுவான பாவிகள்

எழுந்து நின்று, "நான் மகா பாவி" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆதாம் தின்ற பழத்துக்கு இன்றைக்கும் நமக்கு ஏப்பம் வருகிறது, பாவம் செய்யாத மனுஷன் உலகத்திலேயே கிடையாது என்று பாஸ்டர் அப்போதுதான் பிரசங்கம் செய்து முடித்திருந்தார். "யாராவது மனம் திறந்து பேச விரும்பினா பேசலாம்" என்றார்.

முதலில் எழுந்தவர் சபையின் மூப்பர். ரிட்டையரான பேங்க் மேனேஜர்.

"இங்க இருக்கிற பாவிகள்லயே பெரிய பாவி நான்தான்" என்றார், பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி.

அடுத்து பாட்டுக்கார அக்கா. "நான் ஒரு புழு. புழுவுக்கும் கீழ." புது வளையல் குலுங்க உட்கார்ந்தாள்.

மூன்றாவதாகத் தையல்காரம்மா எழுந்தாள். ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவள்.

"வியாழக்கிழமை என் மாமியாரைக் கன்னத்துல அறைஞ்சேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டர் பைபிளை மூடினார், மறுபடியும் திறந்தார். தன் பிரசங்கம் பலிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் அவரை ஓரங்கட்டினார்.

"பாவம்னா ஒரு அளவு வேண்டாமா பாஸ்டர்? படுத்த படுக்கையா கிடக்கிற அம்மாவை! இவகிட்ட நம்ம பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?"

"நீங்களும்தான் பெரிய பாவின்னு சொன்னீங்க."

"அது பொதுவா சொன்னது பாஸ்டர்! யாராவது இப்படியா, கிழமை வச்சுச் சொல்லுவாங்க?"

அன்று மாலையே பாஸ்டர், மூப்பர், பாட்டுக்கார அக்கா மூன்று பேரும் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் தையல் மெஷின், பாதி தைத்த பள்ளிச் சீருடை. உள்ளறையில் கட்டிலில் மாமியார், கழுத்து வரை போர்வை.

"நீ வெளியே இரும்மா. அவங்க பயப்படாம பேசட்டும்" என்று மூப்பர் தையல்காரம்மாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எங்களைத் தெரியுதாம்மா?"

"குரல் தெரியுது. மூஞ்சிதான் மறந்து போச்சு."

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாட்டுக்கார அக்கா உச்சுக்கொட்டினாள். "பாவம்மா நீங்க."

"யாரைப் பாவம்ங்கிற? நான் பாவி."

"உங்க மருமக உங்களை அடிச்சாளாமே?" என்றார் மூப்பர்.

"அடிச்சா. நல்லாவே அடிச்சா. பின்ன, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சா கொஞ்சுவாளா?"

"யார் எறிஞ்சது?"

"நான்தான். தேவதூதனா வந்து எறிஞ்சான்? அதோட விட்டேனா? அவ முடியைக் கொத்தாப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, அம்மான்னு அலறிட்டா."

பாட்டுக்கார அக்கா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"இந்த வயசுலயாம்மா?" என்றார் பாஸ்டர்.

"படுத்துக் கிடந்தா பாவம் செய்ய வராதுன்னு நினைச்சீங்களா? எல்லாரும் பாவின்னு வாராவாரம் சொல்றீங்க. என்னை மட்டும் எதுக்குத் தள்ளி வைக்கிறீங்க?"

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவளை ஞாயிறு பள்ளியிலேர்ந்து தூக்கப் போறீங்களோ?"

மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார்.

"பெத்த பிள்ளை வெளியூர்ல. இங்க கிடந்து அல்லாடுறவ அவதான். வாரத்துல அந்த ஒரு நாள்தான் நாலு குழந்தைங்க மூஞ்சியைப் பார்த்து, கொஞ்சம் சிரிச்சிட்டு வர்றா. அதையும் பிடுங்கணும்னா என்னையும் சபையிலேர்ந்து எடுத்துடுங்க. நானும் வர்றதில்ல, நீங்களும் இங்க வர்றதில்ல. ஒருத்தருக்கும் நஷ்டமில்ல."

மூப்பர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாவம் மறுபடியும் பொதுவாகிவிட்டது.

"தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு பாஸ்டர். குடும்பம்னா அப்படித்தான். விசாரணையெல்லாம் எதுக்கு? சுருக்கமா ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்."

ஜெபம் சுருக்கமாகவே முடிந்தது. மூப்பரும் அக்காவும் காரில் போய் ஏறிக்கொண்டார்கள். பாஸ்டர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாஸ்டர், கதவு வழியா எல்லாம் கேட்டுச்சு. அத்தை சொன்னது பொய்."

"எதும்மா பொய்?"

"எல்லாமே. வியாழக்கிழமை அவங்க ஒண்ணுமே செய்யல. தண்ணி கேட்டாங்க. தச்சுக்கிட்டிருந்தேன், காதுல வாங்கல. மறுபடியும் கேட்டாங்க. எங்கேர்ந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ, எழுந்து போய் அடிச்சிட்டேன்."

பாஸ்டர் நிமிர்ந்தார். "அப்போ தட்டை எறிஞ்சது? முடியைப் பிடிச்சு இழுத்தது?"

அவள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கழுத்துக்குக் கீழ அவங்களுக்கு ஒரு விரல்கூட அசையாது, பாஸ்டர். மூக்கு அரிச்சாக்கூட என்னைத்தான் கூப்பிடணும்."