கேரியர் இருக்கு

"பொண்ணுக்கு கேரியர் இருக்குங்க. முதல்லயே சொல்லிடறேன்" என்றேன் போனில்.

"அதனால என்னங்க, எங்க பையனுக்கும் கேரியர் இருக்கே!" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அம்மா.

அவர் உத்தியோகத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. நான் சொன்னதோ மகளின் ரத்தப் பரிசோதனை முடிவை. அவள் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர். அவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. கட்டிக்கொள்பவனும் கேரியராக இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. பொறுமையாக விளக்கியிருக்கலாம். ஆனால் இதைக் கேட்டதும் ஏற்கெனவே இரண்டு வரன்கள் கழன்றுகொண்டன. வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லிட்டேன்டி, அவங்களுக்குச் சம்மதமாம்" என்று மகளிடம் சொன்னேன். பொய் இல்லையே என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு வயதுப் பேரனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மாதாமாதம் ஏற்ற வேண்டுமாம்.

வராந்தாவில் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்குப் போன்ல நான் சொன்ன கேரியர், வேலை இல்லைங்க. நோய்."

அவர் தலை நிமிரவே இல்லை.

"நீங்க பொண்ணோட வேலையைச் சொல்றீங்கன்னுதான் நினைச்சேன். ஆனா நானும் வேலையைச் சொல்லலைங்க. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு சந்தோஷப்பட்டேன்."