உரக்க ஒப்புக்கொண்ட குற்றம்

‘இன்னிக்கு யார் வயித்தெரிச்சலையும் கொட்டிக்காம வீடு திரும்பணும்’ என்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் ஏட்டய்யா தினமும் காக்கிச் சட்டையை மாட்டுவார். அன்று பார்த்து, அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்த தையல்காரரையே பிடித்து வரச் சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

தையல்காரரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தொற்றுக்காலம். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் பிரசவ வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. நேற்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் தையல்காரர் சான்றிதழை நீட்டியதும் காவலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஊசி போட்டா கை விளங்காமப் போயிடும்’ என்று கடைவீதியில் மைக் பிடித்து முழங்கிய ஆளாயிற்றே! ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஏட்டய்யா கடைக்குள் நுழைந்தபோது தையல்காரர் ஒரு சின்னஞ்சிறு கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார். வலக்கைதான் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடக்கை மடியில் சும்மா கிடந்தது.

"என்ன மாஸ்டர், பேத்திக்கா?"

"ஆமாங்க. இன்னும் மூஞ்சியைக்கூடப் பாக்கல."

"அதுக்காகப் போலிச் சான்றிதழ் வாங்கலாமா?"

மெஷின் நின்றது. அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேக்கரிக்காரர், கடிகாரக் கடைக்காரர், அவர்களுக்கு முன்னால் வியர்க்க வியர்க்க முழுக்கைச் சட்டையில் இரும்புக்கடைக்காரர். வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்தான். ‘ஊசி போட்டுக்கிட்டவன் எவனா இருந்தாலும் நம்ம முகத்துல முழிக்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டவரும் அவர்தான்.

தையல்காரர் அவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வீதிக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஆமாங்க! போலிதான்! காசு குடுத்து வாங்கினேன்!"

இவ்வளவு உரக்கக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளை ஏட்டய்யா தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட முதலில் கொஞ்சம் மென்று முழுங்குவான்.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"அது... ஒரு ஆளு. தொப்பி போட்டிருந்தான். மூஞ்சி சரியாத் தெரியல."

"எங்க, காட்டுங்க."

இழுப்பறையில் பாபின்களுக்கு அடியிலிருந்து சான்றிதழ் வெளியே வந்தது. அதிலிருந்த கறுப்புக் கட்டத்தைச் சோதிக்க ஏட்டய்யா செல்போனை எடுத்ததும், தையல்காரர் பதறிப்போய்க் கட்டத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அதையெல்லாம் எதுக்குங்க சோதிச்சுக்கிட்டு? நானேதான் ஒத்துக்கிட்டேனே! கேஸ் எழுதிக்குங்க. சாயங்காலம் குழந்தையை ஒரு தடவை பாத்துட்டு, நானே வந்து உள்ள உக்காந்துக்கறேன்."

"போலிச் சான்றிதழை வச்சுக்கிட்டா? எப்படி மாஸ்டர் உள்ள விடுவாங்க?"

இதை அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது. முகம் சுருங்கிப்போயிற்று. அரைகுறைக் கவுனைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கலங்காதீங்க மாஸ்டர்!" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் தலைவர். "ஊசிக்குக் கை நீட்டாம உள்ள போறது நமக்கெல்லாம் பெருமை! மாலையோட வந்து கூட்டிட்டு வருவோம்!"

ஏட்டய்யாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கடமை கடமைதானே. "கிளம்புங்க மாஸ்டர்" என்று அவர் இடது புஜத்தை மெல்லப் பிடித்து எழுப்பினார்.

"ஐயோ அம்மா!"

"கை வைக்கிறாருப்பா!" என்று வாசலில் கூச்சல் எழுந்தது.

ஏட்டய்யா கை வைக்கவில்லை, தொடத்தான் செய்தார். ஆனால் அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம். போன மாதம் அதே இடத்து வலியோடு ஒருக்களித்துப் படுக்க முடியாமல் அவதிப்பட்டவர் அவர். உடைமாற்றும் திரைக்குப் பின்னால் தையல்காரரை அழைத்துப்போய், சட்டைக்கையைப் பக்குவமாகச் சுருட்டினார்.

வட்டமாக ஒரு சின்னப் பிளாஸ்திரி.

"மாஸ்டர்! நிஜமாவே ஊசி..."

"மெதுவாங்க, மெதுவா!" என்று தையல்காரர் அவர் வாயைப் பொத்தாத குறையாகக் கிசுகிசுத்தார். "பேத்திக்காகப் பக்கத்து ஊருக்குப் போய்ப் போட்டுக்கிட்டேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போலின்னே இருக்கட்டும். நிஜம்னு தெரிஞ்சா நான் இந்த வீதியில தலை காட்ட முடியாது!"

ஏட்டய்யா சத்தம் வராமல் வயிறு குலுங்கச் சிரித்தார். காலையில் வேண்டியது பலித்துவிட்டது.

"கவுனை முடிங்க. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு நானே வந்து சொல்றேன்."

அவருக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. வெளியே வந்து, உள்ளதைத்தான் சொன்னார்: "மறைக்கக் கூடாததை மறைச்சிருக்காரு. கண்டிச்சு விட்டிருக்கேன். போய் வியாபாரத்தைப் பாருங்க."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க!" என்று கும்பிட்டார் தலைவர். ஏட்டய்யா சந்தோஷத்தில் அவருடைய இடது புஜத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஐயோ அம்மா!" என்றார் சங்கத் தலைவர்.