இடது பக்கத்துச் சத்தம்

கோபேயில் குரிஹாரா நடத்தும் இசைக் காபிக்கடைக்கு நகுமோ ஒரு பழைய கச்சேரி இசைத்தட்டுடன் வந்தார்.

“இன்னிக்கும் கேக்கலேன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்” என்றாள் கூடவே வந்த அவர் மனைவி சுமிரே.

இசைத்தட்டு சுழலத் தொடங்கியதும், “மாஸ்டர், இடது பக்க ஸ்பீக்கர் மங்கலா இருக்கு” என்றார் நகுமோ கடைக்காரரிடம்.

குரிஹாரா முள் தாங்கும் கையின் எடையை மயிரிழை அளவு திருகினார். “இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

மூன்றாவது திருகலில், பியானோ ஓய்ந்த இடத்தில் பார்வையாளர் ஒருவர் இருமியது பளிச்சென்று கேட்டது.

குரிஹாராவின் முகம் வாடியது. “மன்னிக்கணும் நகுமோ சான், இருமல் தூக்கலாயிடுச்சு. குறைச்சிடறேன்.”

“தொடாதீங்க” என்று பதறிய நகுமோ மனைவியிடம் திரும்பினார். “ரெக்கார்டுல நான் இருக்கேன்னா நம்பலியே. கேட்டியா?”

சுமிரே கண்களை மூடி இன்னொரு முறை கேட்டாள்.

“நீங்கதான். இருபத்தெட்டு வருஷமா பக்கத்துல படுத்துக் கேக்கிற இருமலாச்சே.”